அம்பிளிக்கை ஆய்வு: “இன்னொரு நாள் வாங்க” என்று சொல்லாததன் பலன்

ஒட்டன்சத்திரம் என்றால் நமக்கு ஞாபகம் வருவது காய்கறிச் சந்தை. அங்கிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் அம்பிளிக்கையைத் திண்டுக்கல்காரர்களைத் தவிர வேறு யாரிடம் கேட்டாலும் ‘அது எங்கே இருக்கு?’ என்பார்கள். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு உலகத்தின் எந்த மூலையிலும் இந்த ஊரின் பெயர் தெரியும். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. வினிகர் மாதிரியான ஒரு திரவத்தைத் தடவி, வெறும் கண்ணால் பார்த்தே இந்த நோயின் சாவுகளைக் குறைக்க முடியும் என்று கணக்கோடு காட்டியது அது. ஆய்வு நடந்தது திண்டுக்கல் மாவட்டத்தில். அதை நடத்திய இடங்களில் முக்கியமானது அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம். பிரான்ஸின் லியோனில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் கூட இருந்தன. ஆய்வை முன்னின்று நடத்தியவர் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணன்.

அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வினிகரைத்தான் எழுதுகிறார்கள். சில ரூபாய்ச் செலவில் உயிர் காக்கும் அதிசயம் என்கிற மாதிரி. எனக்கு அதில் உடன்பாடில்லை. மலிவான பொருள் எத்தனையோ இருக்கிறது, அதனாலேயே யாரும் பிழைத்துவிடுவதில்லை. அந்த ஆய்வில் சத்தமில்லாமல் வேலை செய்தது வேறொன்று. வந்த பெண்ணை முடிந்தவரை அதே நாளில் பார்த்து, முடிவு சொல்லி, சிகிச்சையும் கொடுத்து அனுப்பினார்கள்.

முதலில் பின்னணி. 1990களின் நடுவில் அம்பிளிக்கையை மையமாக வைத்து ஒரு புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கினார்கள். பதிவேடு என்றால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் பட்டியல் அல்ல. குறிப்பிட்ட எல்லைக்குள் வசிக்கும் எவருக்கு எங்கே புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டாலும், எங்கே இறந்தாலும் தேடிப்போய்க் குறித்துக்கொள்வது. மதுரை, கோவை, வேலூர் ஆஸ்பத்திரிகளின் ஏடுகளைப் புரட்ட வேண்டும். ஊராட்சியின் இறப்புப் பதிவைப் பார்க்க வேண்டும். சில சமயம் வீட்டுக்கே போய் ‘பாட்டி எதனால் போனாங்க?’ என்று கேட்க வேண்டும். யாரும் படம் பிடித்துப் போடாத வேலை இது. ஆனால் இது இல்லாவிட்டால், ஏழு வருஷம் கழித்து ‘சாவு குறைந்ததா இல்லையா’ என்று ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. இந்தப் பகுதிக் கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மிக அதிகம் என்பதை முதலில் காட்டியதும் இந்தப் பதிவேடுதான்.

சரி, ஏன் வினிகர்? பணக்கார நாடுகளில் இந்த நோயைப் பெரிய அளவில் குறைத்தது பாப் ஸ்மியர் பரிசோதனை. கர்ப்பப்பை வாயிலிருந்து கொஞ்சம் செல்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பார்க்கத் தெரிந்தவர் வேண்டும், ஆய்வகம் வேண்டும். எல்லாம் இருந்தாலும் முடிவு வர நாளாகும். வந்த பிறகு அந்தப் பெண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் அன்றைக்குக் களையெடுப்பில் இருப்பார், மில்லில் ஷிஃப்டில் இருப்பார், மகளின் பிரசவத்துக்குப் பல்லடம் போயிருப்பார். பிடித்தாலும் ‘எனக்குத்தான் ஒண்ணுமே செய்யலையே, அப்புறம் எதுக்கு மறுபடியும்?’ என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஒரு நாள் கூலி, பஸ் செலவு, கூட வருகிறவரின் கூலி, வீட்டில் சொல்ல வேண்டிய காரணம் என்று ஒவ்வொரு வருகைக்கும் அவர் விலை கொடுக்கிறார்.

கண்ணால் பார்க்கும் சோதனை அந்த இடைவெளியைத்தான் வெட்டியது. பெண்ணைப் படுக்க வைத்து, ஸ்பெகுலம் போட்டு, விளக்கைத் திருப்பிக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கிறார் நர்ஸ். ‘கால லூசா விடுங்கக்கா, இறுக்கினா வலிக்கும்’ என்பார். 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் ஒற்றுகிறார். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம், ஃப்ரைட் ரைஸ் கடையில் இருக்கும் வினிகரின் வீரியம்தான். லேசாக எரியும். பிறகு ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அவசரப்பட்டு முப்பது விநாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நல்ல செல்கள் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கெட்டுப்போகத் தொடங்கிய செல்களில் உட்கருவும் புரதமும் அதிகம். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் தற்காலிகமாக உறைந்து, இடம் வெள்ளையாக எழும்பும். ஓரம் தெளிவான, கெட்டியான வெள்ளைத் திட்டு. அதுவும் இரண்டு வகைத் திசுக்கள் சந்திக்கும் கோட்டை ஒட்டி இருந்தால்தான் கணக்கு. மங்கலாக, திட்டுத் திட்டாகத் தள்ளித் தெரிவதெல்லாம் சேராது. புண்ணாலும் கிருமித் தொற்றாலும் வரும் வெளுப்பும் உண்டு. சோதனை என்பது அந்த நர்ஸின் கண்தான். கலங்கினால் அதுவும் கலங்கும். இதைப் பின்னால் பார்ப்போம்.

திட்டு இருந்தால் அங்கேயே கால்போஸ்கோப்பால் பெரிதாக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் சிறு துணுக்கு எடுத்துவிட்டு, பொருத்தமான பெண்களுக்கு அதே வருகையில் கிரையோதெரபி கொடுத்தார்கள். குளிரூட்டிய உலோக முனையை வைத்து அந்த இடத்தை உறைய வைப்பது. மூன்று நிமிடம் உறைதல், ஐந்து நிமிடம் இளகல், மறுபடி மூன்று நிமிடம். மயக்க மருந்து வேண்டாம். இதையும் நர்ஸ்களே செய்தார்கள். அந்தக் காலத்தில் அது துணிச்சல். துணுக்கின் முடிவு வருமுன் சிகிச்சையா என்று மருத்துவப் புத்தகம் கேட்கும். அந்தப் பெண் மறுபடி வருவாரா என்று திண்டுக்கல் கேட்டது. திண்டுக்கல்லின் கேள்விக்கு முன்னுரிமை கொடுத்தார்கள்.

எண்களைத் தப்பாகப் படிப்பது சுலபம்

114 ஊராட்சித் தொகுதிகள். குலுக்கலில் 57 சோதனைப் பக்கம், 57 ஒப்பீட்டுப் பக்கம். 30 முதல் 59 வயது வரையிலான, நோய் அறிகுறி இல்லாத பெண்கள். சோதனைப் பக்கம் 49,311 பேர். 2000 முதல் 2003 வரை அவர்களில் 31,343 பேர் வந்து சோதனை செய்துகொண்டார்கள், அதாவது 63.6 சதவீதம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. ஒப்பீட்டுப் பக்கம் 30,958 பேர். அவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும்.

வந்தவர்களில் 3,088 பேருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. அவர்களில் 3,052 பேருக்குக் கால்போஸ்கோப் பரிசோதனை முடிந்தது. இந்த ஓர் எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். சோதனையில் சந்தேகம் வந்த நூறு பேரில் கிட்டத்தட்ட 99 பேர் அடுத்த படியைத் தாண்டியிருக்கிறார்கள். அடுத்த படி அதே இடத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது. நம் எந்த மருத்துவ முகாமிலும், சர்க்கரைக்கோ கண்ணுக்கோ காசநோய்க்கோ, பரிந்துரைச் சீட்டு வாங்கிய நூறு பேரில் எத்தனை பேர் அந்தச் சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

2006 வரை பதிவேடு சேர்த்த கணக்கு: சோதனைப் பக்கம் 167 பேருக்குப் புற்றுநோய், 83 சாவு. ஒப்பீட்டுப் பக்கம் 158 பேருக்குப் புற்றுநோய், 92 சாவு. மேலோட்டமாகப் பார்த்தால் சோதனை செய்த பக்கம்தான் நோய் கூடுதல்! ஆனால் அந்தப் பக்கம் ஆட்களும் கூடுதல். எத்தனை பேரை எத்தனை வருஷம் கவனித்தார்கள் என்பதைப் பெருக்கி எடுத்தால், சோதனைப் பக்கம் 2,74,430 நபர்-ஆண்டுகள், ஒப்பீட்டுப் பக்கம் 1,78,781. இதில் வகுத்தால் லட்சம் நபர்-ஆண்டுக்குச் சாவு ஒரு பக்கம் சுமார் 30, மறுபக்கம் 51. வயது வேறுபாடு போன்றவற்றைச் சரிசெய்த பிறகு ஆய்வு சொன்ன முடிவு: புதிதாக நோய் வருவது 25 சதவீதமும், சாவு 35 சதவீதமும் குறைந்தன. இதில் இன்னொன்றும் உண்டு. சோதனைக்கு வராத 18,000 பேரும் சோதனைப் பக்கத்துக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்தே இவ்வளவு குறைந்தது. வந்தவர்களை மட்டும் எண்ணிப் பெருமைப்பட்டுக்கொள்ளாதது அந்த ஆய்வின் நேர்மை.

குறைகள் உண்டு. வெள்ளையாகத் தெரிந்ததில் பல, தானாகவே சரியாகிவிடும் லேசான மாற்றங்கள்தான். அதற்கும் உறைய வைத்தார்கள். தேவையில்லாத சிகிச்சை என்று விமர்சிக்கலாம், தப்பில்லை. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு, பார்க்க வேண்டிய கோடு உள்ளே ஏறிப் போய்விடுவதால் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. இன்னொரு எண்ணும் உறுத்துகிறது. புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த 1,874 பேரில் சிகிச்சை எடுத்தவர்கள் 72 சதவீதம். மீதி ஐந்நூறு சொச்சம் பேர்? அன்றே முடிக்க முடியாதவர்கள், யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றவர்கள், வீட்டில் கேட்க வேண்டியவர்கள். கிரையோ செய்தால் நாலு வாரம் தாம்பத்தியம் கூடாது, தண்ணீராக வெளியேறிக்கொண்டிருக்கும். அதை யாரிடம், எப்படிச் சொல்வது என்பது ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு மருத்துவக் கேள்வி மட்டுமல்ல. இத்தனை வசதி செய்த இடத்திலேயே, இன்னொரு நாள் என்று தள்ளிப்போனதும் கால்வாசிப் பேர் நழுவிவிட்டார்கள்.

ஒரே வினிகர், மூன்று ஊர்

இதே சோதனையை இந்தியாவில் இன்னும் இரண்டு இடங்களில் பெரிய அளவில் செய்தார்கள். மும்பைக் குடிசைப் பகுதிகளில் பத்தாம் வகுப்பு படித்த உள்ளூர்ப் பெண்களுக்கு நாலு வாரம் பயிற்சி கொடுத்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று நாலு சுற்று செய்தது டாடா நினைவு மருத்துவமனை. சாவு 31 சதவீதம் குறைந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை நாலு பிரிவாக்கி, இந்த நோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸைக் கண்டறியும் சோதனை, பாப் ஸ்மியர், வினிகர் ஆகியவற்றை ஒரே ஒரு சுற்று செய்து பார்த்தார்கள். நாலாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. 2009இல் முடிவு வந்தது. வைரஸ் சோதனை செய்த பிரிவில் சாவு ஏறக்குறைய பாதியானது. வினிகர் பிரிவில் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. பாப் ஸ்மியரிலும் இல்லை.

திண்டுக்கல்லில் பலித்தது உஸ்மானாபாதில் ஏன் பலிக்கவில்லை? ஆராய்ச்சியாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். நான் முதலில் வைப்பது கண்ணை. வைரஸ் சோதனையை எந்திரம் படிக்கிறது, அதற்கு அலுப்பில்லை. வினிகர்ச் சோதனையைப் படிப்பது ஓர் ஆள். காலையில் பார்க்கும் முதல் பெண்ணும் மதியம் பார்க்கும் நாற்பதாவது பெண்ணும் அவருக்கு ஒன்றல்ல. பயிற்சி பெற்ற நர்ஸ்களை வைத்து, மேலே ஒருவர் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, ஆய்வு என்ற கட்டுப்பாட்டில் நடந்தால் ஒரு தரம். அந்த மேற்பார்வை விலகினால் இன்னொரு தரம். உலக சுகாதார நிறுவனமும் 2021 வழிகாட்டுதலில் வைரஸ் சோதனையை முதல் தேர்வாக்கிவிட்டது. அதில் பெண்ணே தனக்குத் தானே மாதிரி எடுத்துக்கொடுக்கலாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் முடிவு வர ஆய்வகம் வேண்டும், மறுபடி வரச் சொல்ல வேண்டும். பழைய கதை வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது.

இந்த மூன்று ஆய்வுகள் மீதும் ஒரு கடுமையான கேள்வி இருக்கிறது. திண்டுக்கல்லின் ஒப்பீட்டுப் பக்கத்தில் அந்த 92 பேர் இறந்தார்களே, அவர்களுக்கு எந்தச் சோதனையும் ஏன் செய்யவில்லை? சோதனை செய்தால் சாவு குறையும் என்பது பாப் ஸ்மியர் காலத்திலிருந்தே தெரியுமே என்று அமெரிக்க மருத்துவர்கள் சிலர் கேட்டார்கள். நடத்தியவர்களின் பதில்: அன்றைய இந்தியாவில் கிராமத்துப் பெண்ணுக்கு வழக்கமான கவனிப்பு என்பதே சோதனை இல்லாமைதான், வினிகர்ச் சோதனை உயிர் காக்கும் என்று அப்போது நிரூபணமும் இல்லை. இந்தப் பதிலில் தர்க்கம் இருக்கிறது. ஆனாலும் அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமா என்பது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

பாதியில் நின்ற ஊசி

அம்பிளிக்கையின் இரண்டாவது கதை யாரும் திட்டமிடாதது. எச்.பி.வி. தடுப்பூசி வந்தபோது மூன்று தவணை போட வேண்டும் என்றார்கள். இரண்டே போதுமா என்று பார்க்க 2009இல் இந்தியாவின் பல மையங்களில் 20,000 பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அம்பிளிக்கையும் ஒரு மையம். அதே சமயத்தில் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமிகள் இறந்தார்கள். பின்னால் விசாரித்ததில் அந்தச் சாவுகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று தெரிந்தது. ஆனால் சம்மதம் வாங்கிய முறையில் ஓட்டைகள் இருந்தன. 2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. திண்டுக்கல்லின் பிள்ளைகளுக்கும் ஊசி நின்றது.

17,729 பேர் அதுவரை ஊசி போட்டிருந்தார்கள். அவர்களில் 4,950 பேருக்குக் கிடைத்தது ஒரே ஒரு தவணை. ஆய்வு பாழ் என்று கைகழுவியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர்கள் விடவில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊர் போய், பிள்ளை பெற்ற பிறகும் தேடிப்போய்ப் பார்த்தார்கள். பத்து வருஷத்துத் தகவல் 2021இல் வந்தது. புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான 16, 18 வகை வைரஸ்கள் உடம்பில் நிலைத்துத் தங்குவதைத் தடுப்பதில் ஒரு தவணையின் திறன் 95.4 சதவீதம். மூன்று தவணைக்கு 93.3. வித்தியாசமே இல்லை என்று அர்த்தம். 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணையும் போதும் என்று ஏற்றுக்கொண்டதற்கு நின்ற காரணங்களில் இந்த ‘பாழாய்ப்போன’ ஆய்வு முக்கியமானது. மூன்று முறை பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய ஊசி ஒரே முறையானது. இங்கேயும் மிச்சமானது வருகைதான்.

தாமதமாக வருகிறவர்கள்

2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வருகிறது, ஏறக்குறைய 80,000 பேர் இறக்கிறார்கள். பலர் வருவது ரத்தப்போக்கு நிற்காமல், இடுப்பு வலி தாங்காமல் வந்த பிறகு. அப்போது அறுவைச் சிகிச்சையின் நேரம் போயிருக்கும். கதிர்வீச்சும் கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் 1999 முதல் நிலையான சிகிச்சை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம், அப்புறம் உள்கதிர்வீச்சு. வருகை பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டு இங்கே என்ன சொல்வது! முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை சிகிச்சைக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்கிறது. ரயிலில் புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் மதுரையில் ஆறு வாரம் தங்கும் வாடகை, கூட இருக்கும் தங்கச்சியின் சாப்பாடு, இரண்டு பேரின் விட்டுப்போன கூலி ஆகியவை எந்த அட்டையிலும் வராது. பாதியில் ஊருக்குப் போய்விடுகிறவர்களில் பலரைத் துரத்துவது இந்தக் கணக்குதான்.

சிகிச்சையில் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. பிரிட்டன் தலைமையில் இந்தியாவும் பங்குபெற்ற ஓர் ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. கதிர்வீச்சுக்கு முன்னால் ஆறு வாரம், வாரம் ஒருமுறை கார்போபிளாட்டினும் பாக்ளிடாக்செலும் கொடுத்தால், ஐந்து வருஷம் உயிரோடு இருப்பவர்கள் 72 சதவீதத்திலிருந்து 80 ஆகிறார்கள். இரண்டும் காப்புரிமை போன பழைய மருந்துகள், நம் ஊரில் தாராளமாகக் கிடைப்பவை. நல்ல செய்திதான். ஆனால் இன்னும் ஆறு வாரம், இன்னும் ஆறு பஸ் பயணம்.

தமிழ்நாடு அரசு 2007இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் இந்தச் சோதனையை முன்னோட்டமாகத் தொடங்கி, 2012 வாக்கில் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுக்க 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் சுமார் 10. மற்றவர்களோடு ஒப்பிட்டால் பெருமை. திண்டுக்கல்லின் 63.6 பக்கத்தில் வைத்தால் பேச்சே எழாது. திட்டத்தின் அமைப்பிலும் ஒரு மாறுதல் நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் பார்ப்பார், சந்தேகம் வந்தால் கால்போஸ்கோப் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. வினிகரை எடுத்துக்கொண்டோம், அதே நாள் என்பதை விட்டுவிட்டோம். இப்போது உறைய வைப்பதற்குப் பதில் அந்த இடத்தைச் சூட்டால் அழிக்கிற, கையில் பிடிக்கிற, பேட்டரியில் ஓடுகிற வெப்பக் கருவிகள் வந்துவிட்டன. உறைய வைக்கத் தேவைப்படும் வாயு சிலிண்டரை இழுத்துப்போக வேண்டாம், ஒரு நிமிஷத்துக்குள் வேலை முடியும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதற்கு வழிகாட்டுதலும் தந்துவிட்டது. விட்டதைத் திரும்பப் பிடிக்கக் கருவி இல்லை என்று இனி சொல்ல முடியாது.

சில வருஷம் முன்பு ஒரு சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனைக்கான பதிவு நோட்டைப் பார்க்கக் கொடுத்தார்கள். நீளமான அரசாங்க நோட்டு, சிவப்பு மையில் கோடு போட்டது. பெயர், வயது, ஊர், கைபேசி எண், சோதனை முடிவு. ‘பாசிட்டிவ்’ என்ற இடங்களில் பச்சை மையால் வட்டம். அடுத்த கட்டத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்று முத்து முத்தான கையெழுத்து. அதற்கும் அடுத்த கட்டத்தின் தலைப்பு ‘போனாரா?’. நான் புரட்டிய பக்கங்களில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலி. ‘ஃபோன் போட்டா எடுக்க மாட்டேங்கிறாங்க சார். எடுத்தா வீட்டுக்காரர் பேசுறார்’ என்றார் அந்த நர்ஸம்மா. பிறகு வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒருவரை உள்ளே கூப்பிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, விளக்கைத் திருப்பினார்.